பாரத்துக்கு உட்கார்ந்தவன்

மகனே,

இந்தக் காகிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. சாப்பாட்டு மேசையில், உன் தட்டு வைக்கும் இடத்தில், திறந்தபடியே வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறேன். உன் அம்மா படிப்பாள், படிக்கட்டும். அவள் தம்பி சசி வந்தால் அவனும் படிக்கட்டும். அவன் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். நல்லதுதான், என் பேச்சை அவன் நிதானமாகக் கேட்பதற்கு அப்படியாவது ஒரு வழி கிடைக்கிறதே.

கேள்வியை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் அதை மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. உன் சசி மாமன் பூவாற்றில் படகு வாங்கி ஓட்டப் போகிறான். மீன்பிடிக்க இல்லை, அக்கரை கடத்தவும் இல்லை. பலகைமேல் நிற்கிற ஆளை ஒரு கயிற்றால் இழுத்துக்கொண்டு போகிற படகு. படகு கிளப்பும் அலையில் ஏறி அந்த ஆள் துள்ளுவான். கோவளத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் இதற்காகப் பூவாறு வரை வருவார்கள் என்கிறான். அதற்கு நீ வேண்டும் என்கிறான். நீ திருப்புறத்தில் அவன் வீட்டில் தங்கி அவனோடு இந்தத் தொழிலில் இறங்குவதா, இல்லை திருவனந்தபுரத்தில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறதே, அதில் சேர்வதா? போன ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் எல்லோரும் நிற்கும்போது நீ, "அப்பா என்ன சொல்லுதாரோ அதுதான்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். நான், "யோசிச்சிட்டுச் சொல்லுதேன்" என்றேன். யோசித்துவிட்டேன். ஆனால் விடையை முதலில் சொல்லிவிட்டுக் கணக்கைப் பிறகு போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. என் மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதைப் படித்ததும் நீ உன் அம்மாவிடம் போய், அப்பாவுக்கு மாமன்மேல் ஏதோ வருத்தம் என்று சொல்லுவாய். வருத்தம் இல்லை. பொறாமை. ஐம்பதை எட்டப்போகிற, முதுகலை படித்த, தினமும் களியக்காவிளை தாண்டிப் போய்ப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற ஒரு ஆள் தன் மைத்துனன்மேல் பொறாமைப்படுகிறான் என்று எழுதக் கை கூசத்தான் செய்கிறது. வேறு சொல் போட்டால் பொய்யாகிவிடும். அவன் வளைகுடாவில் சம்பாதித்த பணத்தின்மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவன் வாசலில் வந்து நின்றால் உன் முகம் மாறுகிறதே, அதன்மேல்தான். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டேதான் பொறாமைப்படுகிறேன். இது சின்னப் புத்தி என்று நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

அவன் விமானம் ஏறும்போது நீ ஒன்றாம் வகுப்பு. அதன்பிறகு, ஒரேயடியாகத் திரும்பி வரும்வரை, எப்போதாவது ஒரு மாத விடுமுறையில் வருவான். அந்த ஒரு மாதம் இந்த வீட்டில் திருவிழா. மிச்ச நாளெல்லாம் இங்கே இருந்தவன் நான். உனக்குக் காய்ச்சல் என்றால் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் சீட்டு எடுத்து வரிசையில் நின்றவன் நான். நீ கணக்கில் திணறிய வருடம் கோழி கூவுகிற நேரத்தில் உன்னை எழுப்பி உட்கார வைத்து, நீ தூங்கி விழும்போதெல்லாம் மேசையைத் தட்டியவன் நான். ஸ்கூட்டரின் முன்னால் உன்னை நிறுத்தி, மழைக்கோட்டுக்குள் உன் தலையை மறைத்துக்கொண்டு, பாறசாலையிலிருந்து கொல்லயில் ஊர் வரை எத்தனை தடவை ஓட்டியிருப்பேன். அதெல்லாம் உனக்கு நினைவிருக்காது. தினமும் நடப்பது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. அவன் கொண்டுவந்த ரிமோட் கார், ஒரு சக்கரம் போன பிறகும், இன்றைக்கும் உன் அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது.

நீச்சலை எடுத்துக்கொள். இரண்டு கோடை விடுமுறை நான் உன்னை நெய்யாற்றுக்குக் கூட்டிப்போனேன். வயிற்றுக்கடியில் கை கொடுத்து, "காலை அடி, காலை அடி" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியது. நீ என் கையை விட்டு ஒரு முழம் தாண்டவில்லை. பிறகு ஒரு விடுமுறையில் வந்த உன் மாமன், காலையில் குளிக்கப் போன இடத்தில், உன்னைத் தூக்கி ஆற்றில் போட்டான். நான் கரையில் நின்று கத்தினேன். நீ தண்ணீரைக் குடித்து, இருமி, கையைக் காலை அடித்து அவன் பக்கமாகவே நீந்தி வந்தாய். "பாத்தியளா அத்தான், பய மீனாக்கும்" என்றான். வீட்டுக்கு வந்ததும் நீ அம்மாவிடம், "மாமன் எனக்கு நீச்சல் படிச்சுத் தந்தாரு" என்று சொன்னாய். நான் அங்கேயேதான் நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தேன். அந்த இரண்டு கோடை நீ காலடித்துப் பழகியிருக்காவிட்டால் அன்றைக்கு மிதந்தே இருக்க மாட்டாய் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இது என் சொந்த மனக்கோணல் மட்டும்தானா என்றும் யோசித்துப் பார்ப்பதுண்டு. நம் குடும்பங்களில் உன் கொள்ளுத்தாத்தா காலம் வரைக்கும் பிள்ளைகள் அப்பனுக்குச் சொந்தமில்லை, மாமனுக்குத்தான். நிலம் மாமனிடமிருந்து அக்காள் தங்கை பிள்ளையான மருமகனுக்குப் போகும். பெற்றவன் அந்தியில் வந்து காலையில் எழுந்து போகிற ஆள். சட்டம் வந்து அதை மாற்றியது. வயலும் தோப்பும் அப்பன் பெயருக்கு வந்தன. பிள்ளைகளின் மனசு மட்டும் பழைய வழியிலேயே நிற்கிறது போல. இதை உன் அம்மாவிடம் ஒருநாள் சொன்னேன். "அப்பம் உங்க தங்கச்சி பிள்ளையள் உங்ககிட்டல்லா வந்து ஒட்டணும்? ஏன் ஒட்டல?" என்று கேட்டாள். அவளே பதிலும் சொன்னாள்: "நீங்க அதுகள்ட்ட வாய்ப்பாடு கேப்பிய."

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கொல்லத்திலிருந்து படகு கட்டுகிறவர் அதை லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் திரும்பக் கொண்டுபோவார் என்று பேச்சு. நாம் போனது பெண் பார்க்கப் போவது போலத்தான் இருந்தது. உன் அம்மா பட்டுக்கரை வைத்த நேரியது உடுத்தியிருந்தாள். சசி வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் பழம்பொரி வந்தது. படகைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அவ்வளவு சின்னது அது. நம் முன்னறையில் கட்டிலை எடுத்துவிட்டால் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடலாம். இந்த விளையாட்டுக்கென்றே வெளிநாட்டில் கட்டுகிற பெரிய படகுகளின் படத்தை சசி பலமுறை காட்டியிருந்தான். அந்த விலைக்கு நம் தோப்பையே வாங்கிவிடலாம். இது கைக்கு அடங்குகிற விலையில், அதைப் பார்த்து இங்கே செய்தது. வெள்ளை உடம்பு, நீலக் கோடு, பின்னால் ஒரு எஞ்சின், நடுவில் கயிறு கட்ட ஒரு இரும்புக் கம்பம். "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "ஓட்டத்தப் பாக்கணும் அத்தான், உருவத்தையா பாப்பாவ?" என்றான் சசி.

உன் அம்மா பையிலிருந்து தேங்காயை எடுத்தாள். "இன்னும் வாங்கவே இல்ல, ஓட்டிப் பாக்கத்தானே வந்திருக்கோம்" என்றேன். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல குறுக்க பேசாதீங்க" என்றாள். மூத்தவன் என்ற முறையில் என்னைத்தான் உடைக்கச் சொல்வார்கள் என்று நான் கைக்கடிகாரத்தைக் கூடக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். சசி தேங்காயை வாங்கி உன் கையில் கொடுத்தான். "மருமகன் உடைக்கட்டும்" என்றான். நீ ஒரு கல்லைத் தேடிப் போயிருக்கலாம். நீயோ, பொழியூர்க்காரர்கள் மரவள்ளத்தை இறக்கும்போது எப்படிச் செய்வார்களோ அப்படியே, படகின் மூக்கில் ஓங்கி அடித்தாய். தேங்காயும் உடைந்தது, மூக்கும் உள்ளங்கை அளவுக்கு வெடித்தது. கொல்லத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, எந்தா ஈ காட்டியது? இது தடியல்ல, ஃபைபராணு!" மரம் இல்லையாம். நான், "அறிவிருக்கா உனக்கு, அடுத்தவன் சாமான்ல..." என்று தொடங்கிவிட்டேன். சசி சிரித்தான். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். "மூக்குத்தி போட்டாச்சு அண்ணாச்சி. இனி பெண்ணு எங்களுக்குத்தான்" என்று கொல்லத்துக்காரர் தோளைத் தட்டினான். பிறகு என்னைப் பார்த்து, "அவனை ஏன் வையுதிய? அங்க அடிலேன்னு நானாக்கும் சொன்னது" என்றான்.

அவன் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். உன்னை என் வாயிலிருந்து காப்பாற்ற ஒரு பொய்யைச் சொல்லிவிட்டான், கூடவே ஒரு படகையும் வாங்கிவிட்டான். அந்த நிமிடம் நீ அவனைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். நான் பேசியதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. சரியாகப் பேசியவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு நீ மிதவைச்சட்டை மாட்டிக்கொண்டு, பலகையின் ரப்பர் காலணிக்குள் காலை நுழைத்துத் தண்ணீரில் உட்கார்ந்தாய். மாதக்கணக்காக ரகசியமாகப் பழகியிருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யாரோ ஒருவருடைய எஞ்சின் வள்ளத்தைக் கடன்வாங்கி, நான் கல்லூரிக்குப் போகிற நாட்களில். சசி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். என்னைப் பார்த்து, "அத்தான், வாங்க. நீங்க பின்சீட்டுல இரியுங்க" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். உன் அம்மாவைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டான். ஏறி உட்கார்ந்த பிறகு, "என்னத்துக்குடே என்னை?" என்று கேட்டேன், அவன் ஏதாவது மரியாதையாகச் சொல்வான் என்று.

"பின்னால பாரம் வேணும் அத்தான். பெரிய போட்டுல இதுக்குன்னே வெள்ளம் நெறைக்க டேங்கு உண்டு. இதுல இல்ல. பின்பக்கம் தாந்தாத்தான் அல பொங்கும், அல பொங்கினாத்தான் பய துள்ளுவான்."

உன் அம்மா கரையிலிருந்து, "இவிய இருந்தா ஒரேயடியா தாந்துராதா?" என்று கேட்டாள். "தாழணும் அக்கா, அதுக்குத்தான் இருத்தியிருக்கு" என்றான் அவன். வலைக்காரர்களில் ஒருவன், "மணல்சாக்கு கெடைக்கலன்னு சாரைத் தூக்கி வச்சிருக்கானுவ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் தண்ணீரில் இருந்துகொண்டு சிரித்தாய். வருடாவருடம் கரும்பலகையில் மிதக்கும் பொருளின் படம் போட்டு, மேலே ஒரு அம்பு கீழே ஒரு அம்பு வரைகிறவன் நான். அந்தக் கீழ் அம்பாக என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆனால் இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. ஓட்டுகிறவன் முன்னால் பார்க்க வேண்டும். ஆகவே இன்னொருவர் பின்னால் திரும்பி உட்கார்ந்து, இழுபடுகிற ஆளை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீ கட்டைவிரலை உயர்த்தினால் வேகம் கூட்டு என்று நான் அவனிடம் சொல்ல வேண்டும். உள்ளங்கையைத் தாழ்த்தினால் குறை என்று சொல்ல வேண்டும். அதாவது, உன் ஆசைகளைக் கேட்டு அவனுக்கு எடுத்துச் சொல்லுகிற வேலை. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. என் பின்னால் தண்ணீர் இரண்டாகப் பிளந்து, இரண்டு பக்கமும் வரப்பு போல அலை எழுந்தது. நீ முழங்காலை மடக்கி எழுந்து நின்றாய். இந்தப் பக்கத்து அலையில் ஏறி, காற்றில் ஒரு விநாடி நின்று, அந்தப் பக்கத்தில் இறங்கினாய். என் எடைக்கு எழுந்த அலை அது. அதை நான் சொல்லாமல் உனக்குத் தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை.

நீ பெரியவனான பிறகு உன் முகத்தை அத்தனை நேரம் தொடர்ந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டில் நீ தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாய், நான் பத்திரிகையைப் பார்த்துச் சாப்பிடுவேன். அங்கே எனக்கு வேறு எங்கேயும் பார்க்க அனுமதி இல்லை. வாய் திறந்திருந்தது உனக்கு. முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. உன்னை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த இத்தனை வருடத்தில் அந்த முகத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆற்றின் வாயை மணல் மூடி, பொழி அடைந்து கிடந்ததால் தண்ணீர் அசையாமல் நிறைந்திருந்தது. அதன்மேல் நீ கோடு கிழித்துக்கொண்டு வந்தாய். நீ கட்டைவிரலை உயர்த்தினாய். நான், "கூட்டச் சொல்லுதான்" என்று கத்தினேன். பொறாமையோடுதான் கத்தினேன், ஆனாலும் சத்தமாகக் கத்தினேன்.

ஒரு திருப்பத்தில் நீ விழுந்தாய். "விழுந்துட்டான்" என்றேன், அவன் படகை வட்டமடித்து உன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். நான் குனிந்து கையை நீட்டினேன். நீ மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டு, சிரித்துக்கொண்டு, என் தலைக்கு மேலாக அவனைப் பார்த்து, "மாமா, இன்னொரு தடவ" என்றாய். என் கை உனக்குத் தெரியவில்லை. கயிற்றின் பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டாய். நான் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன், ஈரமே ஆகாத கையை.

திரும்பி வரும்போது சசி, "அத்தான், ஒரு வட்டம் நீங்க ஓட்டுதியளா?" என்று கேட்டான். "வேண்டாம்டே" என்றேன். "செரி" என்று சொல்லிவிட்டு அவனே ஓட்டினான். இதை நான் மன்னிக்கப் போவதில்லை. நம் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி எடுக்கட்டுமா என்று கேட்டவுடன் சரி என்று சொல்கிறவர் உண்டா? வேண்டாம் என்போம். இப்பத்தான் குடிச்சிட்டு வாறேன் என்போம். அவர்கள் இன்னொரு தடவை கேட்க, பாதி போதும் என்போம். பிறகு முழுசாக வாங்கிக் குடித்துவிட்டு வருவோம். வளைகுடாவில் இத்தனை வருடம் இருந்ததில் அவன் அதை மறந்துவிட்டான். ஒருமுறை கேட்கிறான், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறான். எனக்கு ஓட்ட ஆசையாக இருந்தது. இன்னொரு தடவை அவன் கேட்டிருந்தால் நான் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பேன். நீ அப்போது என்னைப் பார்த்திருப்பாய்.

கரையில் இறங்கிப் பழம்பொரி தின்னும்போதுதான் அவன் அதைக் கேட்டான். "போட்டு நான் எடுத்தாச்சு அத்தான். பய எனக்கு வேணும். தருவியளா?" ஏணியை இரவல் கேட்பது போல இருந்தது. உன் அம்மா தூக்குச்சட்டியின் மூடியைத் தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்துச் சொன்னதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். யோசிச்சிட்டுச் சொல்லுதேன் என்றேனே, அது, முதல் தடவை சொல்கிற "வேண்டாம்". அதற்குமேல் நீ கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது கேட்டிருக்கலாம். நான் பல் தேய்க்கும்போது பின்னால் வந்து நின்று கேட்டிருக்கலாம். நீ மாமன் வீட்டு மனுசனாகிவிட்டாய் என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். நீயும் ஒருமுறைதான் கேட்டாய். இத்தனை நாளாக நீ என் அறை வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் புத்தகத்தை மூடி வைத்துக் காத்திருந்தேன். நீ துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாய்.

அதனால் எழுதுகிறேன். விடைக்கு முன்னால் சில விஷயங்களைக் கேட்டுக்கொள். பொழி அடைந்து கிடக்கிற நாட்களில் அந்தத் தண்ணீர் வளர்ப்பு மாடு மாதிரி நிற்கும். மழைக்காலத்தில் பொழியை முறித்துவிட்டால் ஆறு முழுவதும் கடலுக்குள் ஓடும். அப்போது எந்த வெள்ளைக்காரன் என்ன கொடுத்தாலும் கயிற்றை அவிழ்க்காதே. பூவாற்றிலும் பொழியூரிலும் கடலில் போகிறவர்கள் இன்றைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம், அதில் மட்டும் இன்னொரு தடவை கேட்காதே. மிதவைச்சட்டை போடாத ஆளைப் பலகையில் ஏற்றாதே, அது உன் மாமனாக இருந்தாலும். பின்னால் பார்க்க ஒரு ஆள் இல்லாமல் படகை நகர்த்தாதே. அந்த இடத்தில் பேச்சுக்கொடுக்கிறவனை உட்கார வைக்காதே, முகத்தை உற்றுப் பார்க்கிறவனை வை. பிறகு, உன் மாமனைப் பற்றி: அவன் தொடங்குவதில் கெட்டிக்காரன். வளைகுடாவிலிருந்து காகிதம் போட்டே ஒரு கோழிப்பண்ணை வைத்தான், பாறசாலையில் ஒரு வீடியோ காசெட் கடை வைத்தான். இரண்டும் இன்று இல்லை. மூன்றாவது மாதம் அவனுக்குச் சலிப்பு வரும். அப்போது எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுகிறவன், படகின் மூக்கில் விழுந்த வெடிப்பை நாள்தோறும் தடவிப் பார்க்கிறவன் நீயாக இருக்க வேண்டும். அந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் யோசித்துப் பதில் சொல். இந்தத் தொழில் தோற்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். அவனுக்காக இல்லை.

இப்போது விடை. உன்னைப் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, நீயே கொடுத்திருக்கிறாய். சொன்னால் நீ நிற்பாய், அதுவும் தெரியும். திருவனந்தபுரத்துக்கு ரயிலேறுவாய், புத்தகம் வாங்குவாய், ராத்திரி வந்து தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாய். என் வீட்டில் இருந்துகொண்டு அவனோடு வாழ்வாய். அதை நான் இத்தனை வருடம் பார்த்துவிட்டேன். கடல் தாண்டி இருந்தவனைத்தான் இந்த வீடு நினைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவனிடம் தீப்பெட்டி எங்கே என்று கேட்டது. பக்கத்தில் இருக்கிறவனின் அந்த இடத்தில் நான் இருந்தது போதும் மகனே. அவன் எடுத்துக்கொள்ளட்டும்.

போ. திங்கட்கிழமையே போ. நான் சந்தோஷமாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அதை என்னிடம் எதிர்பார்க்காதே. எம்.எஸ்சி. அடுத்த வருடமும் உண்டு என்பதையும் ஒரு மூலையில் வைத்துக்கொள். நீ ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதை இனி அவன் பார்க்கட்டும். பத்து தடவை கூப்பிட்டும் நீ எழுந்திருக்காத காலைகளில் அவன் தொண்டை கட்டட்டும். உனக்குக் காய்ச்சல் வரும்போது ஆஸ்பத்திரி வரிசையில் அவன் நிற்கட்டும். நீ பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற நாளில், அவன் தன் மனைவியிடம் போய், "இந்தப் பய என்ன இப்பிடி இருக்கான்?" என்று கேட்கட்டும். மூன்று மாதத்தில் அவனும் உன்னைத் திட்டத் தொடங்குவான். சரியாகத்தான் திட்டுவான், நீ அவனை அன்றைக்கு ஆற்றங்கரையில் பார்த்தது போல இனிப் பார்க்க மாட்டாய்.

நான் எப்போதாவது வருவேன். சொல்லாமல்தான் வருவேன். நெய்யாற்றின்கரையில் இறங்கி உனக்குப் பிடித்த அந்த அல்வாவை வாங்கிக்கொண்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, திருப்புறம் பஸ்ஸில் வந்து இறங்குவேன். வாய்ப்பாடு கேட்க மாட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்பேன். சாயங்காலம் புறப்படும்போது நீ இன்னும் கொஞ்ச நேரம் இருங்க என்பாய். நான் வேண்டாம் என்பேன். நீ இன்னொரு தடவை சொல்ல வேண்டும்.

உன் அப்பா